மகள் வீட்டுக்கு முந்நூற்றைம்பது மீட்டர்

ஏழாவது ஹோட்டலும் சிக்ருனுக்குப் பிடிக்கவில்லை. கப்பல் கிறிஸ்டியான்சுண்ட் துறையை விட்டுக் கிளம்பி அரை மணி நேரம் ஆகியிருந்தது. மேல்தளக் கூடத்தில் ஜன்னலோர மேஜை ஒன்றைப் பிடித்து, நடுவில் டேப்லெட்டை வைத்துக்கொண்டு, நானும் என் மனைவி சிக்ருனும் மதியத்திலிருந்து பெர்கன் நகரத்தில் தங்க இடம் பார்த்துக்கொண்டிருந்தோம். மறுநாள் மதியம் இரண்டே முக்காலுக்குப் பயணம் முடிந்துவிடும். ஊர் திரும்பும் விமானமோ மூன்று நாள் கழித்துத்தான். துறைமுகத்தை ஒட்டிய ஹோட்டலில் மீன் வாடை வரும் என்றாள். நாற்பது வருடம் மீன் தொழிற்சாலையில் குளிர்ப்பெட்டிகளோடு மல்லுக்கட்டியவனின் சட்டையைத் துவைத்தவள் சொல்கிற குறையா இது? ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்ததில் சத்தம் என்றாள். இன்னொன்றில் காலைச் சாப்பாடு பிரமாதம் என்று ஊரே எழுதியிருந்தது. அவ்வளவு கூட்டம் வருகிற இடத்தில் எப்படி நிம்மதியாகச் சாப்பிடுவது என்றாள். ஏழாவதில் குறை ஒன்றும் அகப்படாமல் படத்தையே கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு, திரைச்சீலை நிறம் சரியில்லை என்றாள். எனக்குப் பொறுமை போய்விட்டது.

எங்கள் ஊர் வார்டோ. நார்வேயின் வரைபடத்தில் வடகிழக்கு மூலையில், இதற்கு மேல் இடமில்லை என்கிற இடத்தில் இருக்கிறது. இந்தக் கப்பல் தினமும் எங்கள் துறைக்கு வரும். கடிதம், டயர், ஆஸ்பத்திரிக்குப் போன நோயாளி, சவப்பெட்டி எல்லாம் இதில்தான் வந்தன, போயின. மேல்தளத்தில் நின்று எங்களைப் படம் பிடிக்கிற வெளியூர்க்காரர்களை நாங்கள் கீழே நின்று பார்ப்போம். சிக்ருனுக்கு எழுபது முடிந்தபோது, ஒரு தடவையாவது அவர்கள் நிற்கிற இடத்தில் நாம் நிற்போமே என்று பெர்கன்வரை சீட்டு வாங்கினேன். நான்கு நாளாகச் சின்னப் பெண் மாதிரிதான் இருந்தாள். கலங்கரை விளக்கங்களின் பெயரையெல்லாம் எழுதி வைத்தாள். ஹோட்டல் பேச்சு எடுத்தால் மட்டும் முகம் மாறிவிடும். வீட்டில் இருந்தபோதே மூன்று தடவை கேட்டேன். கப்பலில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டாள். பக்கத்து மேஜை ஜெர்மன்காரர் எட்டு மாதத்துக்கு முன்பே அறை எடுத்துவிட்டதாகச் சொன்னபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

பெர்கனில் எங்கள் மகள் தோன்யே இருக்கிறாள். ஒரே மகள். நாற்பத்தி மூன்று வயது. அவள் பெயரை நான் சொல்லி நான்கு வருடம் ஆகிறது. தப்பு என்னுடையதுதான். அந்தக் கிறிஸ்துமஸுக்கு வந்தவள், சாப்பாட்டு மேஜையில் வைத்து, புருஷனைப் பிரிந்துவிட்டேன், பள்ளிக்கூட வேலையையும் விட்டுவிட்டேன், டிராம் ஓட்டப் பயிற்சிக்குப் போகிறேன் என்று ஒரே மூச்சில் சொன்னாள். என் தம்பி குடும்பம் முழுக்க உட்கார்ந்திருந்தது. நான் இறைச்சியை அறுத்துக்கொண்டே, நீ பிறந்ததிலிருந்து ஒன்றையாவது முடித்திருக்கிறாயா என்று கேட்டேன். அவள் அழவில்லை, எழுந்தும் போகவில்லை. தட்டில் இருந்ததைக் கடைசி உருளைக்கிழங்குவரை முடித்தாள். தட்டைக் கழுவி வைத்தாள். மறுநாள் காலை விமானத்தில் போய்விட்டாள். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் அம்மாவோடு மட்டும் பேசுவாள். முடிக்கும்போது, அப்பாவையும் விசாரித்ததாகச் சொல் என்பாளாம். சிக்ருன் அதை ஒரு வாரமும் தவறாமல் என்னிடம் சொல்லிவிடுவாள். நானும் தலையை ஆட்டிக்கொள்வேன்.

சிக்ருன் காற்று வாங்க வெளியே போனதும் டேப்லெட்டை என் பக்கம் திருப்பினேன். எனக்கும் மூளை இருக்கிறது. அவள் மனசில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டதாக நினைத்தேன். மகளைப் பார்க்க வசதியான இடம் வேண்டும், அதை வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை, அவ்வளவுதானே. சாண்ட்விகன் மலைச்சரிவில் தோன்யேயின் தெருவை வரைபடத்தில் தேடி எடுத்தேன். அவள் தெருவிலேயே ஒரு சின்ன விடுதி இருந்தது. அது வேண்டாம், உளவு பார்க்க வந்த மாதிரி இருக்கும். பஸ் ஏறிப் போகிற தூரமும் வேண்டாம். ஒப்புக்கு எட்டிப் பார்க்க வந்த மாதிரி ஆகிவிடும். கடைசியில் இரண்டு தெரு தள்ளி ஒன்று அகப்பட்டது. அவள் வாசலிலிருந்து அளந்து பார்த்தேன், முந்நூற்றைம்பது மீட்டர். கூப்பிட்டால் போகலாம், கூப்பிடாவிட்டால் நடைபயிற்சிக்கு வந்தோம் என்று சொல்லிக்கொள்ளலாம். மூன்று இரவுக்கு அறை எடுத்தேன்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். செய்த காரியத்தின் திருப்தியில், நான்கு வருடத்தில் முதல் தடவையாக மகளுக்கு நானே ஒரு செய்தி அனுப்பினேன். நாளை மதியம் வருகிறோம், உன் வீட்டுக்குப் பக்கத்தில் ஹோட்டல் எடுத்துவிட்டோம், எங்களுக்காக நீ ஒன்றும் சிரமப்படாதே. இதை எழுத எனக்குக் கால் மணி நேரம் பிடித்தது. எங்கள் பக்கத்தில் ஒருவருக்குத் தொந்தரவு தராமல் இருப்பதுதான் அன்பில் உசத்தி. என் அப்பா சாகக் கிடந்தபோதுகூட டாக்டரை ஞாயிற்றுக்கிழமையில் எழுப்ப வேண்டாம் என்றார். அந்தக் கடைசி வரியில் என் மனசையே வைத்து அனுப்பியதாகத்தான் நான் நினைத்தேன். ஒரு நிமிடத்தில் பதில் வந்தது. ஒரு கட்டைவிரல் படம். வேறு ஒரு எழுத்து இல்லை.

சிக்ருன் திரும்பி வந்ததும் பெருமையாக எல்லாவற்றையும் காட்டினேன். வரைபடத்தைப் பார்த்தாள், அறையைப் பார்த்தாள், என் செய்தியைப் படித்தாள். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

"சிரமப்படாதேன்னா எழுதினே?"

"பின்ன? அவளுக்கு எதுக்கு வீண் தொந்தரவு?"

"நாலு வருஷமா அவ சிரமப்படாமத்தானே இருக்கா, ஆர்விட்."

அன்றைக்குச் சாப்பாட்டில் அவளுக்குப் பிடித்த நண்டு இருந்தது. தொடவில்லை. நல்லது செய்யப் போய் இப்படி ஆகிவிட்டதே என்று எனக்குக் கோபம்தான் வந்தது. இந்த வீட்டில் எதைச் செய்தாலும் குற்றம் என்று மனசுக்குள் புலம்பிக்கொண்டே படுத்தேன்.

மறுநாள் காலை பத்து மணிக்குள் அறையைக் காலி செய்து பெட்டிகளை வெளியே வைக்கச் சொல்லியிருந்தார்கள். சிக்ருன் கரையைப் பார்க்கப் போய்விட்டாள். அவளுடைய பெரிய பெட்டி மூட மாட்டேன் என்று அடம் பிடித்தது. வரும்போதே கனம் அதிகமாக இருக்கிறதே என்று கேட்டதற்கு, கம்பளி உடை என்று சொல்லியிருந்தாள். மேலே இருந்ததை எடுத்துவிட்டு ஒழுங்காக அடுக்கலாம் என்று கையை விட்டேன். அடியில், துண்டில் சுற்றி, இரண்டு படுக்கை விரிப்பு, இரண்டு போர்வை உறை, இரண்டு தலையணை உறை. இஸ்திரி மடிப்பு கலையாமல் இருந்தது. தினமும் படுக்கையைத் தட்டிப் போட ஆள் இருக்கிற கப்பலில் இது எதற்கு? ஹோட்டலுக்கும் வேண்டியதில்லை. எங்கள் ஊரில் ஒரே ஒரு இடத்துக்குத்தான் படுக்கை விரிப்பை எடுத்துக்கொண்டு போவோம். சொந்தக்காரர் வீட்டில் ராத்தங்கப் போகும்போது, துவைக்கிற வேலையை அவர்கள் தலையில் கட்டாமல் இருக்க.

கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். துறைமுகம், ரயில் நிலையம், திரைச்சீலை நிறம் எல்லாம் புரிந்தது. ஹோட்டல் எடுக்கிற கடைசி நிமிடம்வரை அவள் ஒரு போனுக்குக் காத்திருந்தாள். வந்து தங்குங்கள் என்று மகள் சொல்வாள் என்று. தங்கட்டுமா என்று அவளாகக் கேட்க மாட்டாள். கேட்டு, அம்மா மட்டும் வா என்று பதில் வந்தால் என் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று பயந்திருப்பாள். என்னைக் காப்பாற்றத்தான் ஏழு ஹோட்டலைக் குறை சொல்லியிருக்கிறாள். நானோ என் கையாலேயே கதவைச் சாத்திவிட்டு அவளிடம் பெருமை அடித்திருக்கிறேன். எனக்கு அழுகை வந்தது. எழுபத்தி மூன்று வயதில், ஒரு தலையணை உறையைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதேன்.

பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு தோன்யேயைக் கூப்பிட்டேன். நான்காவது மணியில் எடுத்தாள். பின்னால் டிராம் நிலையத்தின் இரைச்சல் கேட்டது.

"அம்மாவுக்கு ஏதாவது ஆயிடுச்சா?"

என் குரலைக் கேட்டதும் அவளுக்கு முதலில் தோன்றியது அதுதான். இல்லை, நன்றாக இருக்கிறாள், மேல்தளத்தில் நிற்கிறாள் என்றேன். அங்கே மழையா என்று கேட்டேன். மழைதான் என்றாள். பெர்கனில் வேறென்ன இருக்கும். காற்று எப்படி என்று கேட்டேன். அதற்கும் பதில் சொன்னாள். இன்னும் ஏழு நிமிடத்தில் வண்டி எடுக்க வேண்டும் என்றாள். நான் என் வாழ்நாளில் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. ஏணி வேண்டுமென்றால்கூடப் பக்கத்து வீட்டில் கேட்காமல் நானே ஒன்று செய்துகொள்வேன்.

"நாங்க உன் வீட்ல தங்கிக்கலாமா?" என்றேன்.

டிராம் ஒன்று உராய்ந்து நிற்கிற சத்தம் வந்தது. போனை வைத்துவிட்டாளோ என்று திரையைப் பார்த்தேன். இருந்தாள்.

"ஹோட்டல் எடுத்தாச்சுன்னு எழுதியிருந்தியே."

"எடுத்தேன். பக்கத்துலதான். முந்நூற்றைம்பது மீட்டர்."

"அளந்தியா?"

"அளந்தேன்."

மூக்கால் ஒரு சின்னச் சிரிப்பு வந்தது. சின்ன வயதில், சிரிக்கக் கூடாது என்று பிடிவாதமாக இருக்கும்போது அப்படித்தான் சிரிப்பாள். பிறகு, பிப்ரவரியில் ஒரு சோஃபா கட்டில் வாங்கியதாகச் சொன்னாள். கப்பலுக்குச் சீட்டு வாங்கியாயிற்று என்று அம்மா சொன்ன வாரமே வாங்கினாளாம். இரண்டு பேர் படுக்கிற மாதிரி. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"கேட்டா நீ வேணாம்னுதான் சொல்லுவே. உன் வாயால அதையும் கேக்கணுமான்னு விட்டுட்டேன்."

என் மகள்தான், சந்தேகமே இல்லை. கேட்காமலே இருந்து கட்டிலை மட்டும் வாங்கி வைக்கிற ஜாதி. அந்தக் கிறிஸ்துமஸ் வார்த்தைக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று நாக்கு நுனிவரை வந்தது. தோன்யே, அன்றைக்கு நான், என்று ஆரம்பித்தேன்.

"போன்ல வேணாம்பா. எனக்கு வண்டி எடுக்கணும்." நிறுத்தி, கொஞ்சம் இறங்கிய குரலில் சொன்னாள். "ஹோட்டலை ரத்து பண்ணாதே. முதல் ராத்திரி இங்க இருங்க. மத்தத அப்புறம் பாக்கலாம்."

சிக்ருனிடம் போய்ச் சொன்னேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு பனிமூட்டத்தைப் பார்த்து நின்றவள் திரும்பவே இல்லை. என் கையை மட்டும் தேடிப் பிடித்துத் தன் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள். கரை கண்ணுக்குத் தெரிகிறவரை விடவில்லை.

தோன்யே வேலை முடிந்த சீருடையோடு துறைக்கு வந்திருந்தாள். தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். சில இடங்களில் நரைத்திருந்தது. அம்மாவை நெடுநேரம் கட்டிக்கொண்டாள். எனக்குக் கை கொடுத்தாள். அவள் காரில் அம்மாவும் மகளும் கலங்கரை விளக்கங்களைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். நான் பின்சீட்டில் மழையைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அவள் வீடு இருக்கிற சந்துக்குள் கார் போகாது. மலையில் நேராக ஏறுகிற கல் படிகள்தான். சாவியை அம்மாவிடம் கொடுத்து முன்னால் அனுப்பினாள். பெரிய பெட்டியின் ஒரு பக்கக் கைப்பிடியை அவள் பிடித்தாள், மறுபக்கத்தை நான் பிடித்தேன்.

இருபது படி ஏறியதும் நின்றாள். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, மூச்சு வாங்குகிறது என்றாள். எனக்குப் போன வருடம் முட்டியில் அறுவை சிகிச்சை நடந்தது. அதை நான் அவளிடம் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா சொல்லித் தெரிந்திருக்க வேண்டும். தினமும் இதே படியில் இறங்கி ஏறி வேலைக்குப் போகிறவள். அவள் நெஞ்சு ஏறி இறங்கவே இல்லை. அடுத்த திருப்பத்திலும் நின்றாள். அதற்கடுத்ததிலும் நின்றாள். மழை இருவர் தலையிலும் நிதானமாகப் பெய்துகொண்டிருந்தது. நான்காவது தடவை நின்றபோது, கைப்பிடியை விடாமல், நான் மறுபடியும் ஆரம்பித்தேன்.

"தோன்யே, அன்னைக்கு நான் சொன்னது..."

அவள் என்னைப் பார்க்கவில்லை. மேலே போகிற படிகளைப் பார்த்தாள். பெட்டியின் தன் பக்கத்தைத் தூக்கிக்கொண்டு, நான் என் பக்கத்தைத் தூக்கும்வரை நின்றாள்.

"மெதுவாவே சொல்லுப்பா," என்றாள். "இன்னும் எண்பது படி இருக்கு."