எண்பத்து நான்கு படி, பத்துக் கிலோ

இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. என் இரண்டு கண் மீதும், வாயில் மிச்சமிருக்கும் பதினோரு பல் மீதும் சத்தியம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு, ஒரு நான்கு மாடிக் கட்டடத்தின் படிக்கட்டில் இரண்டு பேர் ஒரு கறுப்புப் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பெட்டியின் பெயர் யானை. கனத்த கீழ்ச்சுரம் தருகிற பேஸ் கிடாரின் ஒலியைப் பெருக்கித் தருகிற ஆம்ப் அது, நாற்பத்தொரு கிலோ. மேல்பக்கம் பிடித்து இழுத்தவர் அதன் சொந்தக்காரர். கீழே தோள் கொடுத்துத் தாங்கியவர் டிரம்ஸ் வாசிப்பவர். நான்காம் மாடியில் ஒரு சாப்பாட்டு ஹால் இருந்தது. ஞாயிறு மதியம் குடும்பம் குடும்பமாகச் சாப்பிட வருவார்கள். ஓரமாக நான்கு பேர் கொண்ட குழு ஒன்று மூன்று மணி நேரம் வாசிக்கும். ஏறுவதற்கு எண்பத்து நான்கு படி. பெட்டியை வாரம் முழுக்க மேலேயே விட்டுவைக்கவும் முடியாது. இது சாப்பாட்டு ஹாலா, கிடங்கா என்று மேனேஜர் கேட்பார்.

யானையின் சொந்தக்காரரை எல்லோரும் தராசு என்றுதான் கூப்பிடுவார்கள். வாரத்தில் ஆறு நாள் பார்சல் ஆபீஸில் எடை போடுவது அவர் வேலை. பொட்டலத்தைக் கையில் வாங்கியதும் மூன்றே கால் என்பார். இயந்திரமும் யோசித்துவிட்டு மூன்றே கால் என்றே காட்டும். ஒட்டிய கடித உறையைக் கொடுத்தால் உள்ளே நல்ல செய்தியா, கெட்ட செய்தியா என்றும் சொல்லிவிடுவார். கெட்ட செய்தி எப்போதும் அரைக் கிராம் கூடுதல்.

யானைக்கு உடம்பைப் போலவே குரலும் பெரிது. அடித் தந்தி அதில் முழங்கும்போது, கிண்ணத்தில் இருக்கும் சூப் ஒரு கரையாக ஒதுங்கி நின்று வழிவிடும். இரண்டாம் மாடியில் இருந்த பல் டாக்டர், பிடிவாதமான கடைவாய்ப் பற்களையெல்லாம் ஞாயிறு மதியத்துக்கென்றே ஒதுக்கி வைத்திருந்தார். அடித் தந்தி மூன்று தடவை அதிர்ந்தால் போதும், பல் இடுக்கியோடு சமாதானமாக வெளியே வந்துவிடும்.

அன்றைக்கு அறுபத்தோராவது படியில் டிரம்ஸ்காரரின் முழங்கால் மளுக்கென்றது. பாரம் மொத்தமும் தராசின் பக்கம் சாய்ந்தது. அவர் பெட்டியை விடவில்லை. அடிவயிற்றில் ஏதோ ஒன்று விட்டுக்கொடுத்தது. அப்படியே மேலே போய், மூன்று மணி நேரம் வாசித்து, நான்கு பேராக யானையை இறக்கிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். குடலிறக்கம் என்று சொல்லி அறுத்துத் தைத்தார்கள்.

தைத்த டாக்டர் இரண்டு நிபந்தனை விதித்தார். பத்துக் கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. மாடிப்படி ஒரு நாளைக்கு ஓர் ஏற்றம்தான். தராசு படுத்தபடியே, பத்து என்பது பையோடு சேர்த்தா, பை நீங்கலாகவா என்று விசாரித்தார். டாக்டர் பேனாவைத் திரும்ப எடுத்து, பையோடு சேர்த்து என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் மாஸ்டர் பார்க்க வந்தார். குழுவை நடத்துகிறவர் அவர், கீபோர்டு வாசிப்பார். டிரம்ஸ்காரரின் முழங்காலுக்குப் பிறகு குழுவில் ஒரு புதுச் சட்டம் வந்திருக்கிறது என்றார்: அவரவர் சாமானை அவரவரே தூக்க வேண்டும். பிறகு, தான் வாங்கிவந்த ஆப்பிளைத் தானே நறுக்கி, இரண்டு துண்டு தானே தின்றுவிட்டு, சொல்ல வந்ததைச் சொன்னார்.

"தப்பா எடுத்துக்காதீங்க தராசு. பேஸை நான் கீபோர்டுலயே இடது கையால வாசிச்சிடுவேன். மேனேஜரும் மூணு பேர் போதுமேங்கறார். அடுத்த மாசம் முதல் ஞாயிறு வரைக்கும் உங்க இடத்தை வச்சிருக்கேன். அதுக்கு மேல என் கையில இல்ல."

ஞாயிற்றுக்கிழமைச் சம்பளம்தான் தராசின் வீட்டு வாடகை. பார்சல் ஆபீஸ் சம்பளத்தில் மற்றதெல்லாம் நடக்கும், வாடகை மட்டும் நடக்காது. அது மாஸ்டருக்கும் தெரியும்.

பேஸ் கிடார் மட்டும் நாலு கிலோ இருநூறு கிராம். மிச்சம் ஐந்து கிலோ எண்ணூறு. அதற்குள் ஆம்பும் பையும் வயரும் அடங்க வேண்டும்; சத்தம் மட்டும் ஹாலில் அடங்கக் கூடாது. தையல் பிரித்த மறுநாளே தராசு, பார்சல் ஆபீஸ் கொக்கித் தராசு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு இசைக்கருவிக் கடைக்குப் போனார். எந்தப் பெட்டியைக் காட்டினாலும் பெயர் கேட்கவில்லை, விலை கேட்கவில்லை. கொக்கியில் மாட்டித் தொங்கவிட்டுப் பார்த்தார். கடைக்காரர் ஐந்து பெட்டி வரைக்கும் பொறுத்தார்.

"ஏங்க, ஆம்ப் வாங்க வந்தீங்களா, உருளைக்கிழங்கு வாங்க வந்தீங்களா?"

"உருளைக்கிழங்குன்னா கையிலயே சொல்லிடுவேன். இதைத்தான் கை நம்ப மாட்டேங்குது."

கை நம்பாததில் நியாயம் இருந்தது. கடைக்காரர் அப்போது நீட்டிய ஆம்ப் ஒரு தடிப் புத்தகத்தின் அளவுதான். தொள்ளாயிரம் கிராம். யானையைவிடச் சக்தி அதிகம் என்று அதன் முதுகில் அச்சடித்திருந்தது. பார்சல் ஆபீஸில் ஒரு பொட்டலம் ஏறும்போது ஓர் எடையும் இறங்கும்போது ஓர் எடையும் காட்டினால், நடுவில் யாரோ கை வைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். தராசு அதைத் திருப்பிப் பார்த்தார். காதருகே வைத்து ஆட்டினார். முகர்ந்தும் பார்த்தார்.

"மிச்ச எடை எங்க போச்சு?"

கடைக்காரருக்கும் அன்று வேறு வியாபாரம் இல்லை. திருப்புளியை எடுத்தார். பழைய ஆம்புக்குள் செங்கல் மாதிரி ஓர் இரும்பு டிரான்ஸ்ஃபார்மர் உட்கார்ந்திருக்கும், பாரத்தில் பெரும்பங்கு அதுதான் என்றார். புதியதில் மின்சாரத்தை வினாடிக்கு லட்சம் தடவை நறுக்கி நறுக்கி அனுப்புவதால் தீப்பெட்டி அளவு டிரான்ஸ்ஃபார்மரே போதுமாம். ஸ்பீக்கருக்குப் பின்னால் இருக்கிற காந்தமும் அப்படித்தான். பழையது வாணலி அளவு, புதியது வளையல் அளவு. அந்த வளையலைத் தராசு வாங்கிப் பார்த்தபோது, சட்டைப்பையில் இருந்த சாவிக்கொத்து தானே எழுந்து வந்து அதில் ஒட்டிக்கொண்டது. எதிர்க்கடைத் தையல்காரர் தம் ஊசிகளைத் தேடிக்கொண்டு வந்ததாகவும் கடைக்காரர் சொல்வார். அதை நான் பார்க்கவில்லை, ஆகவே எழுதவில்லை.

மூன்று வழிகள் இருந்தன. முதலாவது, பேட்டரியில் ஓடுகிற இரண்டு கிலோப் பெட்டி. கடைக்குள் நன்றாகவே உறுமியது. கடைக்குள் எல்லா நாயும் சிங்கம்தான் என்று சொல்லி, தராசு அதைத் தெருவாசலில் வைக்கச் சொன்னார். ஒரு பஸ் போனது. பஸ் போகும்போதும் பெட்டி வாசித்துக்கொண்டுதான் இருந்தது என்று கடைக்காரர் சாதித்தார், சாட்சி இல்லை.

இரண்டாவது வழியில் பெட்டியே கிடையாது. ஹாலில் இருக்கிற ஸ்பீக்கரிலேயே வயரைச் சொருகிவிடலாம். தராசு கிடாரோடு ஹாலுக்கு ஏறிப்போய் அதையும் பார்த்தார். கூரையில் தட்டு அகல ஸ்பீக்கர்கள். பதினோராம் மேசைக்கு பில் என்று அறிவிப்பதற்காகவே பிறந்தவை. அடித் தந்தியை மீட்டினார். பரிமாறுகிறவர் கொசு அடிக்கும் மட்டையை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்.

மூன்றாவது, அந்தத் தடிப் புத்தகமும், அதோடு இணைக்க எட்டு அங்குல ஸ்பீக்கர் பொருத்திய சின்னப் பெட்டி ஒன்றும். பெட்டி ஐந்து கிலோ நானூறு. வாசலில் வைத்து வாசித்தபோது, போய்க்கொண்டிருந்த பஸ் நின்றது. டிரைவர் இறங்கி, நான்கு சக்கரத்தையும் உதைத்துப் பார்த்துவிட்டுப் போனார். தராசு யானையைக் கடைக்காரருக்கே ஈடாகக் கொடுத்துவிட்டு இதை எடுத்துக்கொண்டார். இனித் திரும்பிப் போக வழியில்லை.

வீட்டில் எல்லாவற்றையும் பாயில் பரப்பி மறுபடி நிறுத்தார். கிடார், புத்தகம், பெட்டி, பை, தோல் வார், வயர்: பதினொரு கிலோ தொள்ளாயிரம். ஒரு கிலோ தொள்ளாயிரம் கூடுதல். வேலை முடிந்து வந்த மனைவி, செருப்பைக் கழற்றிவிட்டு அவர் முன்னால் நின்று பார்த்தாள்.

"கேஸ் சிலிண்டர் வந்தா உருட்டிட்டுப் போய் வைக்கறது நான். எனக்கு எந்த டாக்டரும் சீட்டு எழுதித் தரல" என்றாள். பிறகு பையைத் தூக்கிப் பார்த்தாள். "இந்தப் பையே ஒரு கிலோவுக்கு மேல இருக்கும் போலருக்கே. இதுக்குள்ள என்ன மெத்தையா வச்சிருக்கு? பழைய போர்வைத் துணில நான் ஒண்ணு தச்சுத் தர்றேன்."

தைத்தாள். தோல் வாருக்குப் பதில் நாடா வந்தது. அதில் சரியாக ஒரு கிலோ போனது. மிச்சம் தொள்ளாயிரத்துக்கு, தச்சு வேலை செய்யும் மைத்துனனைக் கூப்பிட்டார்கள். இழைப்புளியும் கையுமாக வந்தவன் கிடாரைப் புரட்டிப் பார்த்தான்.

"மச்சான், ஆடற நாற்காலியோட காலைச் செதுக்கியிருக்கேன். பாடறதை இதுவரைக்கும் செதுக்கினதில்ல."

முதுகுப்பக்கமாக இழைத்தான். சுருள் சுருளாக விழுந்த மரத்தைத் தராசு உடனுக்குடன் அள்ளி நிறுத்தார். தொள்ளாயிரம் ஆனதும் நிறுத்தச் சொன்னார். அதற்குள் கிடாருக்குப் பின்னால் விளக்கைப் பிடித்தால் முன்னால் இருந்து செய்தித்தாள் படிக்கலாம் என்றாகிவிட்டது. ஆனாலும் வாசித்தது.

மாதத்தின் முதல் ஞாயிறு அவர் போர்வைத் துணி மூட்டையோடு ஹாலுக்குள் நுழைந்தார். சாப்பாடு கட்டி எடுத்து வந்துவிட்டாரா என்று மாஸ்டர் கேட்டார். மேனேஜர் பெட்டியின் அளவைப் பார்த்துவிட்டு, மிச்சமான இடத்தில் இன்னொரு மேசையைப் போடச் சொன்னார். மாஸ்டரின் இடது கை தயாராகக் கட்டைகளின் மேல் இருந்தது.

காதுக்கு நேராக இருக்கட்டும் என்று தராசு பெட்டியை ஒரு நாற்காலியின் மேல் வைத்தார். முதல் பாட்டில் அடித் தந்தி சளி பிடித்தவன் மாதிரி முனகியது. மாஸ்டரின் இடது கை வேலையைத் தொடங்கிவிட்டது. இரண்டாம் பாட்டில் பல் டாக்டர் கையுறையோடு மேலே வந்து நின்றார்.

"என்னங்க ஆச்சு? கீழ ஒருத்தர் அரை மணி நேரமா வாயைத் திறந்துட்டு உக்காந்திருக்கார்."

தராசு பெட்டியை நாற்காலியிலிருந்து இறக்கித் தரையில் வைத்து மீட்டினார். கொஞ்சம் கனத்தது. சுவரோரம் தள்ளினார், இன்னும் கனத்தது. இரண்டு சுவர் சேருகிற மூலைக்குள் தள்ளிவிட்டு, தலையைச் சாய்த்துக் கேட்டபடி மீட்டினார். சுவர்கள் இரண்டும் அவருக்காகக் குரல் கொடுத்தன. புது மேசையில் சூப் ஒரு கரையாக ஒதுங்கியது. இரண்டு மாடிக்குக் கீழே யாரோ 'ஆ' என்றார்கள். பல் டாக்டர் தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனார். மூன்றாம் பாட்டிலிருந்து மாஸ்டரின் இடது கை அவர் மடியில் கிடந்தது. அன்று முழுக்க, பாட்டுக்குப் பாட்டு, தராசு பெட்டியை ஓர் அங்குலம் முன்னே, ஓர் அங்குலம் பின்னே நகர்த்திச் சூப்பைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு மாஸ்டர் படிக்கட்டின் அடியில் அவருக்காகக் காத்திருந்தார். பக்கத்தில் கீபோர்டின் இரும்பு ஸ்டாண்டு சுவரில் சாய்த்து வைத்திருந்தது.

"ஒரு கை சும்மாதானே இருக்கு. இதைக் கொஞ்சம் பிடிச்சுக்கங்க."

தராசு தூக்கிப் பார்த்தார். ஏழு.

"டாக்டர் பத்துக் கிலோன்னு எழுதியிருக்கார், மாஸ்டர்."

"அது உங்க சாமானுக்கு. இது என் சாமான்தானே." மாஸ்டர் கோபமில்லாமல்தான் சொன்னார். சொல்லிக்கொண்டே இடது கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிக்கொண்டிருந்தார்.

தராசு மூட்டையை ஒரு தோளிலும் ஸ்டாண்டை மறு தோளிலும் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, சட்டைக்கு மேலாகத் தையல் போட்ட இடத்தை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பிறகு ஏறினார். அந்த ஞாயிறு முதல் எல்லா ஞாயிறும் பதினேழு கிலோதான்.

அந்தக் கட்டடத்தில், கட்டிய நாள்முதல் ஒரு லிஃப்ட் ஓடிக்கொண்டிருக்கிறது. உள்ளே 'எட்டுப் பேர், ஐந்நூற்று நாற்பத்து நான்கு கிலோ' என்றும், கதவின் மேல் 'வாடிக்கையாளர்களுக்கு மட்டும்' என்றும் எழுதியிருக்கிறது.