பார்த்துக் கேட்டவள்

நாத்தனாருக்கு மூலையக்கா தரவேண்டிய பாக்கி நாலாயிரத்து எழுநூற்று முப்பது. மாலை வகுப்புக்குக் கட்டியது, தேர்வுக்குக் கட்டியது, பழைய புத்தகம் வாங்கியது எல்லாம் சேர்த்து அவ்வளவு. கொடுக்கும்போதே நாத்தனார் தன் அண்ணனைச் சாட்சிக்கு உட்காரவைத்து ஒரு நிபந்தனையும் போட்டாள். பள்ளி இறுதித் தேர்வில் அண்ணி இங்கிலீஷ் பாஸ் பண்ணிவிட்டால் சல்லிக்காசு திருப்பித்தர வேண்டாம். கோட்டைவிட்டால் மொத்தத்தையும் ஒரே தவணையில் எண்ணி வைத்துவிட வேண்டும்.

இது உதவியா பந்தயமா என்று அண்ணன்காரர் முனகினார். இரண்டும்தான் என்று தங்கை சொல்லிவிட்டுப் போனாள்.

நாத்தனாருக்கு அண்ணிமேல் பழைய மனத்தாங்கல் ஒன்று உண்டு. ஃபோன் பண்ணினால் அண்ணி எடுப்பாள். "இரு, உங்கண்ணன்கிட்ட கொடுக்கறேன்" என்பாள். அவ்வளவுதான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இதே கதை. நேரில் போனால் வாய் ஓயாமல் பேசுகிறவள், ஃபோனென்றால் மட்டும் சுடுபாத்திரத்தைத் தொட்ட மாதிரி கைமாற்றிவிடுகிறாளே, என் குரல் அவ்வளவு கசக்கிறதா என்று நாத்தனார் சொந்தக்காரர்கள் பாதிப்பேரிடம் சொல்லியாகிவிட்டது. குரல் பிடிக்காதவளுக்குப் பணத்தைச் சும்மா தூக்கிக் கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

மூலையக்கா வேலை பார்த்தது ஹோட்டல்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் துணி வெளுத்துத் தரும் பெரிய சலவைக்கூடத்தில். படுக்கை விரிப்புகள் உருளை மெஷினிலிருந்து சுடச்சுட வந்து விழும். ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து, எதிரெதிரே நடந்துவந்து, கைக்குக் கை சேர்த்து மடிக்க வேண்டும். விரிப்பு எப்படிச் சுருண்டு விழுந்தாலும் அதன் மூலை இரண்டும் அவள் கைக்குத் தானாக வந்துவிடும். அதனால் அந்தப் பெயர். எதிர்ப்பக்கம் பிடிக்கிறவள் நெட்டை. மூலையக்கா பதினேழு வயதில் அந்த மெஷின் முன்னால் வந்து நின்றவள். இப்போது நாற்பதைத் தொட்டாயிற்று. வலது தோள் தலைக்குமேல் ஏற மறுக்கிறது. வாசலில் துணி எண்ணி வாங்கும் கவுண்டரில் ஒரு நாற்காலி காலியாகப் போகிறது. உட்கார்ந்து செய்யும் வேலை. அதற்குப் பள்ளி இறுதி பாஸ் வேண்டும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். முப்பது வயதுக்குமேல் எழுத்துக்கூட்டப் பழகி, மற்றப் பாடங்களை ஒவ்வொன்றாகத் தாண்டி வந்துவிட்டாள். இங்கிலீஷ் மட்டும்தான் குறுக்கே படுத்திருந்தது.

அதிலும் பாதிதான் படுத்திருந்தது. வாசித்து விடை எழுதும் தாளில் அவளை அசைக்க முடியாது. விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாக நகருவாள். வேகமாகப் படிக்கிற பிள்ளைகள் தாண்டிக் குதித்துப் போகிற சின்னச் சொல்கூட அவள் விரலுக்குத் தப்பாது. மாதிரித் தேர்வில் வாசிப்புக்கு இருபதுக்குப் பதினேழு வாங்கினாள். ஒலிப்பதிவைக் கேட்டு விடை எழுதும் தாளில் மூன்று. இரண்டிலும் தனித்தனியே எட்டு வாங்கியாக வேண்டும்.

மாலை வகுப்பு டீச்சருக்குத் தலையைப் பிய்த்துக்கொள்ளாத குறை. நான் இங்கிலீஷில் கேட்டால் டக்கு டக்கென்று பதில் சொல்கிறீர்கள், அதையே ஒலிப்பெட்டியில் போட்டால் கோயில் சிலை மாதிரி உட்கார்ந்திருக்கிறீர்களே என்று கேட்டார். மூலையக்காவுக்கும் அதுதான் புரியவில்லை. பெட்டியில் ஓர் ஆணும் பெண்ணும் பேசுவது நன்றாகவே காதில் விழுந்தது. விழுந்ததெல்லாம் மழைத்தண்ணி மாதிரி வழிந்து ஓடிவிட்டது.

செவிடாகிவிட்டோமோ என்று சந்தேகம் வந்தது. சலவைக்கூடத்துக்கு வருஷாவருஷம் வரும் வைத்திய முகாமில் காதில் மாட்டி ஒலி எழுப்பிப் பார்த்தார்கள். அந்த மெஷின் இரைச்சலில் இத்தனை வருஷம் நின்றவளுக்கு இப்படி ஒரு பாம்புச் செவியா என்று சோதித்த பையனே ஆச்சரியப்பட்டான்.

அன்றிலிருந்து அவள் மண்டைக்குள் ஒரு கேள்வி குடையத் தொடங்கியது. காது நல்லா இருக்கு. இங்கிலீஷும் ஓரளவு தெரியுது. அப்ப நடுவுல எங்க போய்த் தொலையுது?

விடையின் முதல் நுனி கிடைத்தது டீச்சருக்குச் சளி பிடித்த வாரத்தில். மூக்கையும் வாயையும் மூடி முகக்கவசம் போட்டுக்கொண்டு வந்து பாடம் நடத்தினார். குரல் கொஞ்சம் கட்டியிருந்ததே தவிர எல்லாருக்கும் கேட்டது. பக்கத்து பெஞ்சில் இருந்த பேக்கரிக்காரர் வழக்கம்போல முந்திக்கொண்டு பதில் சொன்னார். மூலையக்காவுக்கு மட்டும் டீச்சர் திடீரென்று பெட்டியாகிவிட்டார். வார்த்தைகள் வழிந்து ஓடின. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவள் யோசித்தாள். துணி மறைத்தது குரலை இல்லை, வாயை.

மறுநாள் நெட்டை தன் மாமியார் ஃபிரிட்ஜுக்குப் பூட்டு வாங்கிய கதையைச் சொல்லிக்கொண்டே விரிப்பை நீட்டினாள். மெஷின் காது கிழிய ஓடிக்கொண்டிருந்தது. கதை ஒரு சொல் விடாமல் புரிந்தது. மூலையக்கா வேண்டுமென்றே முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். கதை அறுந்தது. திரும்பிப் பார்த்தாள், கதை ஒட்டிக்கொண்டது. மறுபடி திரும்பினாள், அறுந்தது.

கழுத்துப் பிடித்துக்கொண்டதா என்று நெட்டை கேட்டாள். சாப்பாட்டு நேரத்தில் பின்புறம் கொடிகள் கட்டிய முற்றத்துக்கு அவளை இழுத்துக்கொண்டு போனாள் மூலையக்கா. அங்கே சத்தமே இல்லை. என் முதுகுக்குப் பின்னால் நின்று எதையாவது சொல்லு என்றாள். நெட்டை சொன்னாள். தாய்மொழிதான், அதுவே பாதிதான் பிடிபட்டது. இடம் மாறி நின்றார்கள். நெட்டைக்கும் அதே கதி.

"இத்தனை வருஷமா நாம பேசிக்கவே இல்லடி," என்றாள் மூலையக்கா. "பாத்துக்கிட்டுத்தான் இருந்திருக்கோம்."

நெட்டை இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்படியானால் இருட்டில் தன் புருஷன் சொல்வது எதுவும் விளங்காததற்கு இதுதான் காரணம், தப்பு அவர்மேல் இல்லை என்று சொல்லிச் சிரித்தாள். மூலையக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. புதுத் தெருவுக்குள் நுழைந்துவிட்ட ஆள் மாதிரி அவள் விழித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் போனதும், டயர் கடையிலிருந்து வந்து கைகூடக் கழுவாத கணவரைக் கதவுக்குப் பின்னால் நிற்கவைத்து ஏதாவது சொல்லச் சொன்னாள். அவர் என்ன சொன்னார் என்பது அவளுக்குப் புரியவில்லை. அவர் வெளியே வந்து அவளை ஒருமாதிரி பார்த்தார். இத்தனை காலமாக அடுத்த அறையிலிருந்து நான் கூப்பிட்டுப் பதில் வராததெல்லாம் திமிர் என்றல்லவா நினைத்திருந்தேன் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தபோது அவர் இதைத் தமாஷாகத்தான் சொன்னார். உங்கண்ணிக்குக் காது கண்ணில் இருக்கிறதாம் என்றார். நாத்தனார் சிரிக்கவில்லை. கையிலிருந்த டம்ளரை வைத்துவிட்டுச் செருப்புக்கூட மாட்டாமல் மாடிப்படிக்குப் போனாள். சற்றைக்கெல்லாம் மூலையக்காவின் ஃபோன் அடித்தது. எடுத்தாள். குரல் வந்தது. யார் என்று தெரியும். திரையில் பெயர் இருக்கிறது. ஆனால் குரல் என்ன சொல்கிறது என்று பிடிபடவில்லை. பழக்கதோஷத்தில் அவள் கை ஃபோனைக் கணவர் பக்கம் நீட்டிவிட்டது.

நாத்தனார் உள்ளே வந்து எதிரே உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் அண்ணியின் முகத்தையே பார்த்தாள்.

"அப்ப என் குரல் பிடிக்காம இல்லையா, அண்ணி?"

"உன் மூஞ்சி இல்லாம உன் குரல் என்ன சொல்லுதுன்னே எனக்குப் புரியாதுடி. என்ன பதில் சொல்றதுன்னு பயம். அதான் அவர்கிட்ட கொடுத்துடுவேன்."

நாத்தனார் டாக்ஸி கம்பெனியில் ஃபோன் எடுக்கிறவள். காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் நாள் முழுக்கக் குரல்கள்தான், பாதிக்குமேல் இங்கிலீஷ். யாருக்கும் முகம் கிடையாது. அவளுக்கு இதில் வேறு ஒரு வேடிக்கை தோன்றியது. தினம் பேசுகிற ஓட்டுநர் நேரில் வந்து நின்றாலும் அவர் வாயைத் திறக்கிற வரைக்கும் யாரென்று தனக்குத் தெரியாது என்றாள். போன மாதம் தன் கம்பெனி ஆளையே வழிப்போக்கன் என்று நினைத்து வழி கேட்டாளாம். நீ கண்ணை விட்டவள், நான் காதை விட்டவள் என்று இருவரும் ஒருவரை ஒருவர் ஆராய்ச்சி பண்ணத் தொடங்கிவிட்டார்கள். அண்ணன்காரர் தன் டம்ளரைத் தானே கழுவி வைத்துவிட்டு நழுவிப் போனார்.

கிளம்பும்போது நாத்தனார் நிபந்தனையை எடுத்துவிடுகிறேன், பணத்தை மறந்துவிடுங்கள் என்றாள். மூலையக்கா ஒத்துக்கொள்ளவில்லை. ஊரெல்லாம் சொல்லியிருக்கிறாய், பாஸ் பண்ணித்தான் கழிப்பேன், இல்லாவிட்டால் எண்ணி வைப்பேன் என்றாள். வீம்பு பிடித்தவர் என்று நாத்தனார் அலுத்துக்கொண்டாள். ஆனால் மறுநாளிலிருந்து ஃபோன் பண்ண ஆரம்பித்தாள்.

சலவைக்கூடத்தில் மடித்த விரிப்புகளைக் கூரைவரை அடுக்கி வைக்கும் அறை ஒன்று உண்டு. துணி சத்தத்தைக் குடித்துவிடும். கதவைச் சாத்தினால் மெஷின் எங்கோ தூரத்தில் போய்விடும். ஓய்வு நேரத்தில் மூலையக்கா அங்கே போய் விரிப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வாள். முதலில் சொந்த மொழியில்தான் ஆரம்பித்தார்கள். நாத்தனார் தன் ஆபீஸ் வம்பைச் சொல்வாள், அண்ணி திருப்பிச் சொல்ல வேண்டும். முதல் வாரம் தலைவலிதான் மிச்சம். கண்ணை மூடினால் இமைக்குள்ளேயே நாத்தனாரின் உதட்டைத் தேடினாள். அப்புறம் ஒருநாள் தேடாமலே குரலில் ஒரு சலிப்பு தெரிந்தது. மேலாளரோடு சண்டையா என்று கேட்டாள். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்றாள் நாத்தனார்.

பிறகு இங்கிலீஷுக்கு மாறினார்கள். பாடப்புத்தக இங்கிலீஷ் இல்லை, டாக்ஸி இங்கிலீஷ். யார், எங்கிருந்து, எங்கே போகிறார், எத்தனை பெட்டி, எத்தனை மணிக்கு. ஓட்டுநர்கள் செய்வதுபோல, கேட்டதை அவள் திருப்பிச் சொல்ல வேண்டும். கேள்வியை முன்னாடியே வாசித்து மனசில் கட்டம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், குரல் தானாக வந்து அதில் உட்காரும் என்று நாத்தனார் சொல்லித்தந்தாள். வாசிப்பதில்தான் அண்ணி கெட்டிக்காரியாயிற்றே. ஆனால் ஒரு சொல் தவறினால் அங்கேயே நின்றுவிடும் குணம் அவளிடம் இருந்தது. தாளிலென்றால் விரலைப் பின்னால் கொண்டுபோகலாம். குரலில் எங்கே போக? நாத்தனார் கடிந்துகொண்டாள்.

"போன வண்டி போயிடுச்சு அண்ணி. அதையே பாத்துக்கிட்டு நின்னா அடுத்ததும் போயிடும்."

தேர்வுக்கூடம் ஒரு பள்ளியின் பெரிய ஹால். மேலே மின்விசிறிகள் கடகடத்தன. மேடையில் ஒலிபெருக்கியை வைத்தார்கள். பிள்ளைகளெல்லாம் அதையே முறைத்துக்கொண்டிருந்தார்கள். மூலையக்கா கேள்விகளை விரல்வைத்து வாசித்து முடித்துக் கண்ணை மூடினாள். குரல் வந்தது. ஒரு பெண், நூலகம் எப்போது திறக்கும் என்று விசாரிக்கிறாள். கொஞ்சம் கூச்சப்படுகிறவள் போலிருக்கிறது. மூலையக்கா எழுதினாள், மறுபடி மூடினாள்.

யாரோ மேசையைத் தட்டினார்கள். மேற்பார்வைக்கு வந்தவர் குனிந்து, தூங்குகிறீர்களா அம்மா, உடம்பு சரியில்லையா என்று கேட்டார். அக்கறையாகத்தான் கேட்டார். அவள் கண்ணைத் திறந்து அவர் முகத்தைப் பார்த்தாள். அவ்வளவுதான், அவர் உதடு ஒன்றைத் தவிர ஹாலில் வேறு எதுவும் இல்லை. இல்லை சார், கேட்கிறேன் என்று சொல்லி முடிப்பதற்குள் ஒலிபெருக்கி இரண்டு கேள்விகளைத் தாண்டிப் போயிருந்தது. காது மடல் சூடேறியது. தோள் சுள்ளென்றது. எழுந்து போய் அந்த மனிதரின் சட்டையைப் பிடிக்கலாம் போலிருந்தது. போன வண்டி, என்று சொல்லிக்கொண்டாள். போகட்டும். கண்ணை மூடினாள். அடுத்த குரல் ஓர் ஆண், தன் சைக்கிளை விற்கப்போகிறவர். அவரைப் பிடித்துக்கொண்டாள்.

பதிவு இரண்டாம் முறை ஓடியபோது, விட்ட இரண்டில் ஒன்று கிடைத்தது. மற்றதைக் கிடைக்காமலேயே விட்டுவிட்டாள்.

முடிவு வந்த அன்று அவளுக்குக் கை ஓடவில்லை. நெட்டை இரண்டு தடவை விரிப்பைத் திருப்பிக் கொடுத்தாள். மூலைக்கே மூலை தெரியவில்லை என்று ஊரைக் கூட்டினாள். ஃபோன் மடியில் அதிர்ந்தது. மூலையக்கா அடுக்கறைக்கு ஓடிக் கதவைச் சாத்தினாள்.

நாத்தனார் ஆபீஸிலிருந்துதான் பேசினாள், வேலைக் குரலில், இங்கிலீஷில். வாசிப்பு பதினாறு. கேட்டல் ஒன்பது. குரலில் சந்தோஷமா துக்கமா எதுவும் காட்டாமல் சொன்னாள், கள்ளி. மூலையக்கா கண்ணைத் திறந்தபடியே நின்றாள். முன்னால் வெள்ளை விரிப்புகள் தவிர ஒன்றுமில்லை.

"பதினாறு," என்று இங்கிலீஷிலேயே திருப்பிச் சொன்னாள். "ஒன்பது. பாஸ்."

அந்தப் பக்கம் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. சிரிப்பில் வருவதும் அழுகையில் வருவதும் வேறு வேறு சத்தம். இது இரண்டும் கலந்தது என்று மூலையக்காவுக்குத் தெரிந்தது. நாத்தனார் தொண்டையைச் செருமினாள். அந்த நாலாயிரத்து எழுநூற்று முப்பதும் இன்றோடு கழிந்தது, இனி நீங்கள் எனக்கு எதுவும் தரவேண்டியதில்லை என்றாள். அதற்குள் வேறு யாரோ டாக்ஸிக்குக் கூப்பிட, இணைப்பில் இன்னொரு மணி அடித்தது.

"இரு, வச்சிடாத. சரியாக் கேட்டேனான்னு சொல்லிடறேன்," என்றாள் மூலையக்கா. "பாக்கி தீந்துது. தரவேண்டியது ஒண்ணுமில்ல. சரிதானே?"

சரிதான் அண்ணி என்று சொல்லிவிட்டு நாத்தனார் அடுத்த அழைப்பை எடுக்கப் போனாள்.