பால் கொடுக்க வந்தவள்

நரிக்கூண்டைப் பார்த்துக்கொள்வதால் விலங்குக் காப்பகம் முழுக்க அவளுக்கு நரியக்கா என்று பெயர். அப்படிக் கூப்பிட்டவர்களையெல்லாம் அவள் பதிலுக்குக் குதறியிருக்கிறாள், வாயால்தான். அவளிடம் முகம் கோணாமல் பேசிவிட்டு வந்தவர்கள் அங்கே யாரும் கிடையாது.

வண்டியில் அடிபட்டுச் செத்த தாய்நரியின் பக்கத்தில் கிடந்த மூன்று குட்டிகளை யாரோ அட்டைப்பெட்டியில் கொண்டுவந்து கொடுத்தார்கள். புட்டியை வாயில் வைத்தால் துப்பின. சொட்டுச் சொட்டாக விட்டால் புரையேறியது. கடைக்குட்டியின் கழுத்து துவண்டு தொங்கியபோது, எதற்கும் இளகாத அந்த மனுஷி அதை முந்தானையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். இதுகள் பிழைத்தால் போதும், வேறு எதுவும் வேண்டாம் என்று இருந்தது அவளுக்கு.

அவளுடைய தம்பி நாய்ப்பண்ணை வைத்திருந்தான். அங்கே சீமாட்டி என்ற பெட்டை தன் குட்டிகளையெல்லாம் பறிகொடுத்துவிட்டுப் பால் கட்டிக் கிடக்கிறது என்று கேள்விப்பட்டதும், காப்பகத்து வேனை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

"குட்டியெல்லாம் எதுலடா செத்துச்சு?"

"அதை ஏன் கேக்கற. இந்தச் சனியனே மேல படுத்து அமுக்கிடுச்சு. முதல் ஈத்து பாரு, விவரம் பத்தல."

"ஒரு கண்ணு ஏன் நீலமாப் பூத்திருக்கு?"

"முள்ளு கீறினது. வேணும்னா கூட்டிட்டுப் போ, வேணாம்னா விடு. வக்கீல் மாதிரி குறுக்குக் கேள்வி கேட்டுக்கிட்டு!"

காப்பகத்து டாக்டரும் அதே கேள்விகளைக் கேட்டார். அவள் தம்பி சொன்னதை அப்படியே ஒப்பித்தாள். டாக்டர் டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார். "எதுக்கும் கொஞ்ச நாள் நாயைத் தனியா வெச்சுப் பார்த்துட்டு..." என்று இழுத்தார்.

"பாருங்க பாருங்க. அதுக்குள்ள நான் குழி வெட்டி வெக்கிறேன்" என்றாள்.

டாக்டர் நல்லவர். நல்லவர்களுக்கே உரிய வழக்கப்படி வாயை மூடிக்கொண்டார்.

தாய்நாய் வேற்றுக்குட்டியைச் சேர்த்துக்கொள்ள வேண்டுமென்றால் அதன் வாசனை குட்டியின்மேல் ஏற வேண்டும். அது படுத்த துணியால் ஒருமுறை துடைத்துவிட்டு விடுவதுதான் காப்பகத்து வழக்கம். பெற்றதையே அமுக்கிக் கொன்றவளுக்கு அது போதாது என்று நரியக்காவுக்குப் பட்டது. சீமாட்டி மூத்திரம் பெய்த சாக்கை எடுத்து, முதுகு, வயிறு, மூஞ்சி என்று ஓரிடம் விடாமல் தினமும் தேய்த்தாள். நாற்றம் குடலைப் பிடுங்கியது. அவள் சளைக்கவில்லை.

பலன் கைமேல் கிடைத்தது. சீமாட்டி முகர்ந்தது, பிறகு நக்கியது, பிறகு காலை விரித்துப் படுத்தது. குட்டிகள் மடியைப் பிடித்த வேகத்தில் மூக்கெல்லாம் பால் நுரைத்தது. கூண்டுக்கு வெளியே குந்தியிருந்த நரியக்கா வாய்விட்டே அழுதாள்.

இருந்தாலும் நம்பவில்லை. நாய்க்கு வாய்க்கூடு மாட்டி, புரண்டு படுக்க முடியாதபடி கயிற்றைக் குட்டையாகக் கட்டினாள். சோற்றுக்கும் தண்ணிக்கும் மட்டும்தான் வாய்க்கூட்டைக் கழற்றினாள். "பால் குடுக்கத்தான்டி வந்திருக்க. பிரியமெல்லாம் காட்டாத, கொலைகாரி" என்று காலால் ஓர் உந்து உந்துவாள்.

ஒரு வாரம்போல நன்றாகத்தான் போயிற்று. பிறகு ஒரு காலையில் மூத்த குட்டி சீமாட்டியின் விலாவுக்கடியில் விறைத்துக் கிடந்தது. அவள் யாரையும் கேட்கவில்லை. துடைப்பக் கட்டையைத் திருப்பிப் பிடித்து அடித்தாள். கயிறு கழுத்தை இறுக்க, நாய் மற்ற இரண்டு குட்டிகளின் மேல் கவிழ்ந்து படுத்து அடியை வாங்கிக்கொண்டது. அமுக்கப் பார்க்கிறது என்று நினைத்து இன்னும் ஓங்கி அடித்தாள்.

டாக்டர் செத்த குட்டியை அறுத்துப் பார்த்துவிட்டு அவளை உள்ளே கூப்பிட்டார்.

"நசுங்கின உடம்பு இல்லம்மா இது. ஈரலைப் பாருங்க, எப்படி வீங்கிப் புள்ளி புள்ளியா இருக்குன்னு. நாய்க்கு வர்ற ஈரல் நோய், நரியையும் தொத்தும். அந்த நீலக் கண்ணும் முள்ளு கீறினது இல்ல, அதோட அடையாளம்தான். எனக்கு அப்பவே உறைச்சிருக்கணும்."

"நாய் நல்லாத்தானே இருக்கு?"

"அது பொழைச்சுக்கிச்சு. ஆனா கிருமி மாசக்கணக்கா மூத்திரத்துல வந்துக்கிட்டே இருக்கும். குட்டிங்க மேல மூத்திரம் ஏதாவது பட்டுச்சா?"

அவள் தன் கைகளைப் பார்த்தாள். "பட்டுச்சு" என்றாள்.

மதியம் இரண்டாவது குட்டிக்கு வலிப்பு வந்தது, அதிலேயே போய்விட்டது. கடைக்குட்டி ஈறெல்லாம் ரத்தம் கசிய, காம்பைக் கவ்வியபடியே செத்தது. வாய்க்கூட்டுக்குள்ளிருந்து சீமாட்டி அதை நக்கப் பார்த்தது, நாக்கு எட்டவில்லை. நாயை ஆறு மாதமாவது வேறு நாய்கள் நெருங்காத இடத்தில் வைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அவள் தலையாட்டிவிட்டு வெளியே போய்த் தம்பிக்குப் போன் போட்டு, அவனுடைய நாய்க்குட்டிகள் செத்தது நோயிலா என்று கேட்டாள்.

"ஆமா, நோய்தான்" என்றான் அவன், கூச்சமே இல்லாமல். "வெளிய தெரிஞ்சா எவன் என்கிட்ட நாய் வாங்குவான்? அதான் இவ பொழைச்சிட்டாளே, இனிமே என்ன?" பிழைத்த நாயிடம் நோய் இருக்காது என்பதுதான் அவன் கணக்கு. "உன் குட்டி என்னாச்சு?"

"போச்சு. மூணும்."

"விடுக்கா. நரிதானே, காட்டுல இருந்தாலும் செத்துத்தான் இருக்கும். நாயைக் கொண்டுவந்து விட்டுடு. புதுசா வாங்கின பெட்டை ஏகப்பட்டதைப் போட்டிருக்கு, பால் பத்தல. இவ குடுக்கட்டும்."

டாக்டர் சொன்னதைச் சொல்ல அவள் வாயெடுத்தாள்.

"குட்டிங்க எப்படி இருக்கு?" என்றுதான் வந்தது.

"கொழுகொழுன்னு, தங்கக்கட்டிங்க! என் பொண்ணு, உன் மருமக, ஒண்ணை மடியை விட்டு இறக்க மாட்டேங்கறா. சாப்பாடும் அதோடதான், தூக்கமும் அதோடதான்."

நரியக்கா, "கூட்டிட்டு வர்றேன்டா" என்றாள். சொன்னதும் நெஞ்சு லேசானதுபோல் இருந்தது. அதை நினைத்து அவளுக்கே ஆச்சரியமாகவும் இருந்தது.

சீமாட்டி வேனில் ஏற மறுத்தது. கூண்டுப் பக்கமே இழுத்தது. அவள் வாய்க்கூட்டைக் கழற்றிவிட்டு, முதல் தடவையாக அதன் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

"வாடி கண்ணு. அங்க உனக்கு நிறைய புள்ளைங்க இருக்கு" என்று சொல்லி, பின்னாலிருந்து தள்ளி ஏற்றிக் கதவைச் சாத்தினாள்.