தினகரன் ஆன்லைனில் இருக்கிறான்

சாமுண்டீஸ்வரி பஞ்சாயத்துக் கூடத்து மைக்கைப் பிடுங்கிக்கொண்டு, தன் புருஷனைத் தேடப் படகுகளை உடனே இறக்கச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தபோது, கடலில் காணாமல்போன அந்தப் புருஷன் மடக்குப் போனைப் பற்றி ஒரு ஜோக் போட்டான். அவன் காணாமல்போய் அரை வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்களின் சட்டைப் பைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிணுகிணுத்தன. இரண்டாக மடிகிற போன் ஒன்று லட்ச ரூபாய்க்கு வருகிறது என்று 'நாளைய நுட்பம்' என்ற இணையப் பக்கம் செய்தி போட்டிருந்தது. அதற்குக் கீழே தினகரன் எழுதியிருந்தான்: 'எங்கூட்டு போன் ஏற்கெனவே ரெண்டா ஒடஞ்சிதான் கீது. அதுக்கு இன்னா தருவீங்க?' முன்வரிசையில் ஒருவன் களுக்கென்றான். பக்கத்தில் இருந்தவன் எட்டிப் பார்த்தான். பிறகு கூடமே சிரித்தது. ஊர்த் தலைவர் வேதாசலம் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

"ஒக்காரும்மா சாமுண்டி. செத்தவன் ஜோக்கடிப்பானா?"

"செத்துட்டாருன்னு நான் எப்ப சொன்னேன் மாமா? தேடுங்கன்றேன்."

"ஆன்லைன்ல கீறவனைக் கடல்ல போய் இன்னான்னு தேடறது?"

மறுபடி சிரிப்பு. சிரித்தவர்களின் போன்களில் சார்ஜர் சொருகும் ஓட்டையிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டி, சட்டையை நனைத்துத் தரையில் ஓடியது. அது வழக்கமாக நடப்பதுதான். கூட்டம் முடிந்ததும் ஒருத்தி வந்து துடைத்துவிட்டுப் போனாள்.

லைட்ஹவுஸ் குப்பத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. கடலில் ஓர் ஆள் காணாமல்போனால், ஆளோ உடலோ கிடைக்கும்வரை எந்தப் படகும் மீனுக்குப் போகாது. போகிற படகெல்லாம் தேடத்தான் போகும். தேடியது போதும் என்று சொல்லும் அதிகாரம் ஊர்த் தலைவர் ஒருவருக்குத்தான். மழை ஓய்ந்து, ஏரி கடலில் சேரும் முகத்துவாரம் அகலமாகத் திறந்திருந்த ஒரு வாரத்தில், தினகரன் விடியலில் தனியாக ஃபைபர் படகில் போனான். படகு மட்டும் கவிழ்ந்தபடி கிடைத்தது. அன்றைக்கே குப்பத்தின் எல்லாப் படகுகளும் தேட இறங்கின. மூன்றாம் நாள் மதியம், ஓட்டுநர் இல்லாத கார் பற்றிய ஒரு செய்திக்குக் கீழே தினகரன் பெயரில், தினகரன் படத்தோடு ஒரு கருத்து வந்தது: 'நல்ல கண்டுபிடிப்பு. ஆனால் நம் ஊர் ரோட்டுக்குச் சரிப்படாது.' வேதாசலம் அதை மைக்கில் படித்தார். பயல் எங்கேயோ எல்லை தாண்டித் தடாப் பக்கம் ஓடி ஒளிந்துகொண்டு நம்மை அலையவிட்டு வேடிக்கை பார்க்கிறான் என்றார். படகுகளுக்குப் போன் பறந்தது, படகுகள் திரும்பின. அந்த வாரம் இறால் கொழித்துக் கிடந்தது. திரும்பிய படகுகள் கரையில் ஈரம் காய்வதற்குள் வலையை ஏற்றிக்கொண்டு போயின.

"இதுல சிரிப்பே வர்லியே," என்றாள் சாமுண்டீஸ்வரி, அந்தக் கருத்தைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு. ஓடிப்போனவனுக்குச் சிரிப்பா வரும் என்று கேட்டார்கள். மறுநாள் விடியலில் அடுத்த கருத்து வந்தது. துணி மடிக்கும் ரோபோ பற்றிய செய்தி அது. 'எம் பொண்டாட்டி துணி மடிக்கிறப்பவே என்னைத் திட்டிக்கினே மடிப்பா. ரோபோ திட்டுமா? திட்டலன்னா மடிப்பு நிக்காது.' அதில் தினகரன் முழுசாக இருந்தான். குப்பம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. முதல்முறையாகப் போன்கள் நனைந்ததும் அன்றைக்குத்தான்.

தினகரன் பத்தாவது வரை படித்தவன். பக்கத்துத் தீவிலிருந்து ராக்கெட் விடும் நாட்களில் படகு இறக்கக் கூடாது என்பதால் கரையில் உட்கார்ந்து நேரத்தைக் கொல்ல வேண்டியிருந்தது. அப்படிப் பிடித்த பழக்கம்தான் இந்தக் கருத்து சொல்வது. ஏ.சி. காரில் ஏறியதே இல்லை, ஆனால் மின்சாரக் கார் ஏன் தீப்பிடிக்கிறது என்பதில் அவனுக்கு அசைக்க முடியாத அபிப்பிராயம் இருந்தது. ஒவ்வொரு ஜோக்கையும் முதலில் சாமுண்டீஸ்வரிக்குப் படித்துக் காட்டுவான். அவள் சிரித்தால்தான் அனுப்புவான். சிரிக்காவிட்டால் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு அழித்துவிடுவான். காணாமல்போன பிறகு அவனுக்கு யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. நிலவுக்கு ராக்கெட் போனது, பேசும் குளிர்சாதனப் பெட்டி வந்தது, செயற்கை நுண்ணறிவு எல்லார் வேலையையும் பிடுங்கப்போகிறது என்று பயமுறுத்தினார்கள். ஒன்றையும் அவன் விடவில்லை. 'அதுகிட்ட சொல்லி ஒரு நாளைக்கு வலைய இழுக்கச் சொல்லு. நான் கரையில நின்னு கருத்து சொல்றேன்' என்று எழுதினான். துபாயிலும் கோயம்புத்தூரிலும் இருந்து ஆட்கள் வந்து அதற்குச் சிரித்துவிட்டுப் போனார்கள். சாமுண்டீஸ்வரி ஒவ்வொன்றுக்கும் கீழே 'எங்க கீற?' என்று கேட்டாள். அவன் செய்திகளுக்கு மட்டும்தான் பதில் சொன்னான். பொண்டாட்டிக்குச் சொல்லவில்லை.

அவளுக்கு வந்த கோபத்தைக் குப்பத்தில் யாரும் அதற்குமுன் பார்த்ததில்லை. அவள் நடந்துபோன மணலில் காய்ந்துகொண்டிருந்த கருவாடு சுருண்டது. காவல் நிலையத்துக்குப் போனாள். அங்கிருந்தவர் தன் போனைத் திறந்து, தினகரன் பெயருக்குப் பக்கத்தில் எரிந்த பச்சைப் புள்ளியைக் காட்டி, புள்ளி எரிகிற ஆளுக்கு எப்படிம்மா காணவில்லை என்று எழுதுவது என்று கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார், மேசையில் இருந்த காகிதங்கள் நனைந்தன. மீன் ஏலத்துக்கு வேதாசலம் கொண்டுவந்த புதுச் செயலியைத் தினகரன் கிண்டலடித்தபோது பஞ்சாயத்து கூடி, அவன் நேரில் வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அவன் வரவில்லை. அடுத்த கூட்டத்துக்கு வாய்தா கொடுத்தார்கள். அதற்கும் அடுத்ததற்கும் கொடுத்தார்கள். தேடப் போக நேரமில்லாத ஊருக்கு வாய்தா கொடுக்க நேரம் இருந்தது.

பழவேற்காடு பஜாரில் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பாசித்துக்கு அந்த வருடம் நல்ல வியாபாரம். குப்பத்துப் போன்களைத் திறந்தால் உள்ளே உப்புப் பூத்திருக்கும், சில நேரம் இறால் மீசை இருக்கும். எல்லாவற்றையும் தட்டில் பரப்பி மாடியில் வெயிலில் வைப்பான். சாமுண்டீஸ்வரி தன் போனை அவன் முன்னால் நீட்டி, இந்தக் கருத்து எந்த இடத்திலிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துத் தரச் சொன்னாள்.

"அது நம்ம கையில இல்லக்கா. கம்பெனிக்காரனுக்குத்தான் தெரியும். எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான்." அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "நாக்குல வெச்சுப் பார்த்தேன். இது ஏரித் தண்ணி இல்ல. மழை பெஞ்சா ஏரி சப்புன்னு பூடும். இது அசல் கடல் தண்ணி."

"இத வந்து பஞ்சாயத்துல சொல்றியா?"

"சொன்னேன்க்கா. வேதாசலம் சாரு, அப்ப தம்பி கடல்ல மீன் மேல ஒக்காந்து டைப் பண்றானான்னு கேட்டாரு. எல்லாம் சிரிச்சாங்க. பதினோரு போன் ரிப்பேருக்கு வந்துச்சி."

அன்றைக்கு அவள் முதல்முறையாக எல்லாருக்கும் பொதுவாக எழுதினாள். 'இவரு என் புருஷன். கடல்ல காணாம போயிட்டாரு. நீங்க சிரிக்கிறதாலதான் இவர யாரும் தேட மாட்றாங்க. தயவுசெஞ்சி சிரிக்காதீங்க.' நாளைய நுட்பத்தில் அதுவரை எந்தக் கருத்துக்கும் விழாத அளவு சிரிப்பு முகங்கள் அதற்கு விழுந்தன. 'அண்ணி வந்துட்டாங்க, தினா அண்ணே ஓடு' என்றான் ஒருவன். 'இவருக்கு ஸ்கிரிப்ட் எழுதறதே அண்ணிதான் போல' என்றான் இன்னொருவன். கடலுக்கடியில் ஒருவன் லேப்டாப் வைத்திருப்பதுபோல் யாரோ படம் செய்து போட்டார்கள். அந்தப் படம் குப்பத்துக்கே வந்து சேர்ந்தது. வாரக் கடைசியில் தினகரன் பெயருக்கு ஒரு பார்சல் வந்தது. வருடத்தின் சிறந்த கருத்தாளர் என்று நாளைய நுட்பம் அவனுக்குப் பரிசு அனுப்பியிருந்தது. எவ்வளவு ஆழத்திலும் தண்ணீர் புகாத கைக்கடிகாரம்.

சாமுண்டீஸ்வரி பார்சலில் இருந்த முகவரியைப் படித்தாள். அடுத்த பஸ்ஸில் ஏறினாள். நாளைய நுட்பம் என்பது அனுப்பம்பட்டு ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடி அறை. கவியரசன் என்ற இளைஞன் ஒற்றை ஆளாக அதை நடத்திவந்தான். தன் பக்கத்தில் வரும் எல்லா ஜோக்குக்கும் முதல் சிரிப்பு போடுவது அவன் தொழில். அதனால் அறையில் கெண்டைக்கால் அளவு கடல் தண்ணீர் நின்றது. கம்ப்யூட்டரைச் செங்கல் அடுக்கி அதன்மேல் வைத்திருந்தான். நாற்காலிக்கு அடியில் நண்டு ஒன்று இருந்தது. வீட்டுக்காரர் ஒழுகல் என்று நினைத்து இரண்டுமுறை கொத்தனாரைக் கூப்பிட்டதாகச் சொன்னான். சாமுண்டீஸ்வரி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் நடந்துபோய், கடிகாரத்தை அவன் முன்னால் வைத்தாள்.

"இத நானே அவர் கையில கட்டி வுடணும்னு ஆசை. கை எங்க கீதுன்னு காட்டு."

கவியரசனுக்கு அவள் யாரென்று புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் எழுந்து நின்றான்.

"அக்கா, சத்தியமா அவர் ஓடிட்டாருன்னுதான் நெனச்சேன். எல்லாரும் அப்டிதான சொன்னாங்க."

"சொன்னது யாரு? உன் பக்கத்துல இளிக்கிறவனுங்க. அவனுங்க கடல பாத்திருக்கானுங்களா?"

"நான் இப்ப இன்னா பண்ணணும்? பக்கத்த மூடிடட்டா?"

"மூடினா அவரு எங்க பேசுவாரு?" கோபத்தில் அவள் காலைச் சுற்றியிருந்த தண்ணீர் வெதுவெதுப்பானது. நண்டு நாற்காலியை விட்டு வெளியே வந்தது. "நான் கேட்டா பதில் சொல்ல மாட்றாரு. செய்தி போட்டா சொல்றாரு. ஆளைத் தேடற மிஷினப் பத்தி ஒரு செய்தி போடு. கடல்ல கீறவன எப்டித் தேடுவாங்கன்னு போடு. அவரால வாய வெச்சிக்கினு சும்மா இருக்க முடியாது."

கவியரசன் உட்கார்ந்து தேடினான். கடலில் மிதப்பவரை வானத்திலிருந்தே கண்டுபிடிக்கும் டிரோன் ஒன்றை எங்கோ வெளிநாட்டில் பறக்கவிட்டுப் பார்த்திருந்தார்கள். அதை மொழிபெயர்த்துப் படத்தோடு போட்டான். அவள் அறையிலேயே காத்திருந்தாள். அவன் வாங்கிக் கொடுத்த டீயைக் குடிக்கவில்லை. வழக்கமான ஆட்கள் வந்து வழக்கமான ஜோக்குகளைப் போட்டார்கள். கவியரசன் ஒன்றுக்கும் சிரிப்புப் போடவில்லை. மதியம் தாண்டியதும் தினகரன் கருத்து வந்தது. அவன் எழுதியதிலேயே நீளமான கருத்து அதுதான். சாமுண்டீஸ்வரி நின்றபடியே படித்தாள். பிறகு படியிறங்கினாள்.

அவள் குப்பம் வந்து சேர்வதற்குள் எல்லாரும் அதைப் படித்திருந்தார்கள். துபாயும் கோயம்புத்தூரும் சிரித்தன. குப்பத்தில் ஒரு போனும் நனையவில்லை. மறுநாள் விடியலில் யாரும் சொல்லாமலே எல்லாப் படகுகளும் இறங்கின, வலை இல்லாமல். சோறு கட்டிக்கொண்டு போனவர்கள் அதைப் பிரிக்காமலே திரும்பி வந்தார்கள். இப்போதும் தினமும் ஒரு படகு முறை வைத்துத் தேடப் போகிறது. அதன் அணியத்தில், எல்லாருக்கும் முன்னால், வேதாசலத்தை உட்கார வைக்கிறார்கள். விடியலில் சாமுண்டீஸ்வரி போய் அவர் கதவைத் தட்டுகிறாள், அவர் எழுந்து வருகிறார். படகில் அவரோடு யாரும் பேசுவதில்லை. கண்ணை மூடினால் மட்டும் பின்னாலிருந்து யாராவது ஒருவர் துடுப்பால் தண்ணீரை அவர்மேல் அடிக்கிறார்கள். ஊர் இறாலை வாங்கி அடுக்கும் அவருடைய ஐஸ் கொட்டகையில் கடல் தண்ணீர் ஏறி இடுப்பளவு நிற்கிறது, எத்தனை மோட்டார் வைத்து இறைத்தாலும் வடிவதில்லை. தினகரன் வழக்கம்போல் கருத்து எழுதிக்கொண்டுதான் இருக்கிறான். போன வாரம்கூட சூரிய ஒளியில் ஓடும் ஆட்டோவைப் பற்றி எழுதினான், நன்றாகவே இருந்தது.

டிரோன் செய்திக்குக் கீழே அவன் எழுதியது இவ்வளவுதான்:

'டிரோன் எதுக்குங்க? எங்க ஊரு படகே போதும். மூணாம் நாளு எல்லாப் படகும் நான் பாக்கற தூரத்துக்கு வந்துச்சி. காலி டீசல் கேனைப் புடிச்சிக்கினு மிதந்துக்கினு இருந்தேன், கத்தறதுக்குத் தொண்டை இல்ல, கைய மட்டும் தூக்கினேன். அதுக்குள்ள எம்பேர்ல ஒரு கருத்து வந்துடுச்சாம். என் போனு ஐஸ் கொட்டாயில சார்ஜ்ல கெடந்துச்சி, பூட்டு கூட போடல. வேதாசலம் மாமாவுக்கு இறாலு அவசரம், டைப் பண்ணிட்டாரு. ஜோக்கு நல்லா இல்ல, அதான் எனக்கு வருத்தம். டைப் பண்ணிட்டு போனை முகத்துவாரத்துல வீசினாரு, மறுநாளு நானே எடுத்துக்கினேன். அது பரவால்ல. ஆனா படகுங்க திரும்பினப்ப நான் உசுரோடதான் இருந்தேன்.'