கழுவி அனுப்பிய மூட்டை

சுரங்கக் கம்பெனிக்காக மண் பார்க்க வந்த வேலப்பன், கூக்கால் என்ற மலையூரில் நான்கு விவசாயிகளின் காட்டு நிலத்தில் குழி வெட்டினார். அந்த மண்ணுக்குள் பாக்சைட் இருக்கிறதாம், அதிலிருந்து அலுமினியம் எடுப்பார்களாம். நம் வீட்டுச் சோற்றுப் பானையா இங்கே கிடக்கிறது என்று ஊரே சிரித்தது.

“குழியில வர்றத வந்தபடியே மூட்டை கட்டிக் குடுங்க, சோதனைக்கு அனுப்பணும்” என்று சொல்லிவிட்டு அவர் மன்னவனூர் முகாமுக்குப் போய்விட்டார்.

மூன்று பேர் அப்படியே அள்ளிக் கட்டினார்கள். நான்காமவரான திருமலைச்சாமிக்கு மனசு கேட்கவில்லை. பத்து வருஷமாக வத்தலக்குண்டு மண்டிக்குக் கேரட் அனுப்புகிற மனுஷன். மண் ஒட்டிய மூட்டை அவர் காட்டிலிருந்து மலை இறங்கியதே கிடையாது. கேரட் கழுவும் கூடையில் குழி மண்ணைக் கல்லோடு கொட்டி, ஓடையில் வைத்துக் காலால் மிதித்தார். களிமண் கரைந்து ஓடியது. பட்டாணி போல உருண்டைகள் பதிந்த வெளிர் சிவப்புக் கற்களை மட்டும் பொறுக்கிக் கட்டினார்.

“கல்லுக்குமா இந்தச் சோலி?” என்றாள் அவர் மனைவி பிச்சையம்மாள்.

“மூட்டையில நம்ம பேரு எழுதிப் போகுது புள்ள. பாக்குறவன் காறித் துப்பக் கூடாதுல்ல!”

மூன்று மாதம் கழித்து வேலப்பன் ஆட்களோடு வந்தார். வந்தவர்கள் யாரையும் கேட்காமல் கேரட் பாத்திக்குள் இறங்கி முளைக்குச்சி அடிக்க ஆரம்பித்தார்கள்.

“மத்த மூணு காட்டுலயும் களிமண்ணு ஜாஸ்தி, ஆகாதுன்னு எழுதிட்டாங்க. உங்க கல்லு மட்டும் அருமைங்க! இந்த நாலு ஏக்கரையும் சுரங்கத்துக்கு எடுக்கப் போறாங்க” என்றார் வேலப்பன்.

 திருமலைச்சாமிக்கு இருந்ததே அந்த நாலு ஏக்கர்தான். தன் காட்டுக்குத் தானே கொள்ளி வைத்த கதையாகிவிட்டதே என்று தலையில் அடித்துக்கொண்டார். பிச்சையம்மாள் பாத்தியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஆகாது என்று கழிக்கப்பட்ட மூவரில் ஒருவரான பக்கத்துக் காட்டு நல்லுசாமி ஓடி வந்து திருமலைச்சாமியின் தோளை உலுக்கினார். “ஏலே, நீ ஓடையில கழுவினத நான் பாத்தேன்லே! வெரசா உண்மையச் சொல்லிரு, விட்டுட்டுப் போயிருவாங்க.”

திருமலைச்சாமி வேலப்பனிடம் ஓடினார். “ஐயா, தப்பு பண்ணிட்டேங்க. மிதிச்சுக் கழுவி, பொறுக்கித்தாங்க கட்டினேன். என் மண்ணும் மத்தவுக மண்ணு மாதிரிதாங்க!”

வேலப்பனின் முகம் மாறியது. “எதுல கழுவினீங்க?”

“ஓடைத் தண்ணியிலதாங்க.”

“மருந்து எதுவும் போடலையே?”

“கேரட்டு கழுவுற மாதிரிதாங்க, அதுக்கு எதுக்குங்க மருந்து?”

வேலப்பன் ஆட்களிடம் திரும்பினார். நல்லுசாமியின் பழைய குழியிலிருந்து ஒரு கூடை மண்ணை அள்ளிவரச் சொன்னார். கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு தானே ஓடையில் இறங்கி மிதித்தார். சிவப்புத் தண்ணீர் ஓடி அடங்கியதும் கூடையில் வெளிர் சிவப்புக் கற்கள் மிஞ்சின. திருமலைச்சாமி கட்டி அனுப்பிய கற்களுக்கும் அவற்றுக்கும் வித்தியாசமே தெரியவில்லை.

“அட, வெறும் தண்ணியிலயே களி போயிருதே! ஓடையும் பக்கத்துலயே கெடக்கு. இது தெரியாமத்தான் மூணு காட்டையும் கழிச்சுட்டோம்” என்றார் வேலப்பன். கரையேறி ஆட்களைக் கூப்பிட்டார். “இதோட சேத்து மத்த மூணு காட்டுலயும் குச்சி அடிங்கப்பா!”

திருமலைச்சாமி நல்லுசாமியைத் திரும்பிப் பார்த்தார். உண்மையைச் சொல்லச் சொன்ன அந்த வாய் திறந்தபடியே இருந்தது.