திருப்பிக் கொடுத்த மீன்

என் வீட்டுக்காரர் மீன்தொட்டிக்குள் அசையாமல் கிடந்த இறாலை இடுக்கியால் தூக்கி ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் வைத்தார். நாங்கள் காலைப் பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அதை மேசையின் நடுவில் கொண்டுவந்து வைத்தார். பையன் கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் போட்டுவிட்டான். நீளமான வெள்ளை மீசை, சிவந்த முதுகு, அதன் நடுவே ஓடும் வெள்ளைக் கோடு, கால்கள் எல்லாம் இருந்தன. "நல்லா பாத்துக்குங்க" என்றார். லிஃப்ட் இன்ஸ்பெக்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கயிறு தேய்ந்திருக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா, எத்தனை பேர் ஏறலாம் என்று பார்த்து முத்திரை குத்திய கை. இன்றைக்கும் எதையாவது சோதித்துத் தப்பு கண்டுபிடிக்காவிட்டால் அதற்குத் தூக்கம் வராது. முதுகுக்குப் பின்னால் நாங்கள் அவரை இன்ஸ்பெக்டர் என்போம். அவருக்கும் அது தெரியும், உள்ளூரப் பெருமைதான்.

தொட்டி வந்ததற்கு நானே காரணம். ஓய்வு பெற்ற கையோடு மனிதர் என் சமையலறையைச் சோதிக்க ஆரம்பித்தார். கேஸ் குழாயை மாற்ற வேண்டும், உப்பு டப்பாவின் மூடி இறுகவில்லை என்று ஒரே நச்சரிப்பு. எங்காவது போய் உங்களுக்கென்று ஒரு வேலை தேடிக்கொள்ளுங்கள் என்று விரட்டினேன். போனவர் கடல்நீர்த் தொட்டியோடு வந்தார். உப்பைக் கரைத்து, பாறைகளை அடுக்கி, விளக்குப் போட்டு, வாரக்கணக்கில் உள்ளே ஒரு மீன்கூட இல்லாமல் வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தண்ணீர் பழக வேண்டுமாம். அதன் பிறகுதான் ஒவ்வொன்றாக வந்தன. சம்பந்தம் பேசுகிறவர்கள்கூட அவ்வளவு விசாரிக்க மாட்டார்கள். கோமாளி மீன் ஒரு ஜோடி, சாதுவாம். பாசியைத் தின்ன நத்தைகள். மிச்சம் மீதியைப் பொறுக்கக் காலிச் சங்குக்குள் குடியிருக்கும் நண்டுகள், அதுவும் கொஞ்சம்தான். கூடிப்போனால் நத்தையைக் கொன்று அதன் சங்கைப் பிடுங்கிக்கொள்ளுமாம். கடையில் நீலமாக மின்னிய ஒன்றைப் பார்த்து நான் ஆசைப்பட்டேன். "அது ரவுடி. அது இருக்கிற தொட்டியில வேற எவனும் நிம்மதியா இருக்க முடியாது" என்றார். பட்டாம்பூச்சி மீன் பவளத்தைக் கொறித்துவிடும் என்று அதற்கும் தடை.

எல்லாவற்றுக்கும் பிறகு வந்தது இந்த இறால். மற்ற மீன்களின் உடம்பைச் சுத்தம் செய்வதுதான் அதன் பிழைப்பு. இவர் கையை உள்ளே விட்டால் இவர் நகக்கண்ணையும் சுத்தம் செய்யும். பெற்ற பிள்ளையின் தோளில் கை போட்டு நான் பார்க்காத மனிதர், தினமும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு அந்த இறாலிடம் விரலை நீட்டியபடி நின்றார். எனக்குச் சிரிப்பாகவும் இருக்கும், கொஞ்சம் பொறாமையாகவும் இருக்கும்.

இப்போது மருமகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரத்தப் பரிசோதனை லேப்பில் வேலை. எங்கள் வீட்டுக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. அதற்கு முன்னால் அவளுக்கு ஒரு கல்யாணம் நடந்திருந்தது. அந்த வீட்டில் 'ஒத்துவரவில்லை' என்று சொல்லி அம்மா வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். பையன் எதையும் மறைக்காமல் சொன்னான், நாங்களும் சரியென்றோம். வெளியே சொல்லிக்கொண்டதில்லையே தவிர, பெருந்தன்மையாக நடந்துகொண்டோம் என்று எங்களுக்கு ஒரு நினைப்பு. அந்தப் பெண்ணோ ஃபிரிட்ஜைத் திறக்கக்கூட "அத்தை, எடுத்துக்கட்டுமா?" என்று கேட்கும். கதவைச் சத்தம் வராமல் சாத்தும். போன வாரம் ஒருநாள் வேலை முடிந்து வரும்போது கையில் ஒரு பை, அதற்குள் விரல் நீளத்தில் மஞ்சள் மீன் ஒன்று. மாமாவுக்காகத் தானே தேடி வாங்கியதாம். "இதுக்கு முன்னாடி வாங்கினவங்க தொட்டியில பெரிய மீன் ஒண்ணு இதைத் துரத்திக்கிட்டே இருந்துச்சாம். பாவம்னு திருப்பிக் கொடுத்துட்டாங்களாம். இறாலோட இருக்குமான்னு ரெண்டு தடவை கேட்டுட்டுத்தான் வாங்கினேன் மாமா" என்று மூச்சு விடாமல் சொன்னாள். அவ்வளவு நீளமாக அவள் பேசி அன்றுதான் கேட்டேன். இவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே அதைத் தொட்டியில் விட்டார். விளக்கை அணைத்தால் அந்த மீன் மணலுக்குள் புகுந்து படுத்துக்கொள்ளும். "ஒளிஞ்சுக்கிறதைப் பாத்தியா, திருட்டு முழி" என்பார். அதன் சுபாவமே அதுதான் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை.

கிண்ணத்தை வைத்துவிட்டு அவர் உட்காரவில்லை. "இந்த மஞ்சள் சனியன் இதைக் கொத்திக்கிட்டு நின்னுச்சு. என் கண்ணால பாத்தேன்" என்றார். மருமகள் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சாரி மாமா, நான் கேட்டுட்டுத்தான்..." என்று ஆரம்பித்தாள். இவர் முடிக்க விடவில்லை.

"ஒரு வீட்ல ஒத்துவரலன்னு திருப்பிக் கொடுத்ததை நம்ம வீட்ல கொண்டாந்து விட்டா இப்படித்தான் ஆகும்."

சொன்ன பிறகுதான் அவர் காதிலேயே அது விழுந்திருக்க வேண்டும். முகத்தில் ஈயாடவில்லை. பையன் "அப்பா!" என்று எழுந்தான். அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தாள். அப்போது நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என்ன பேச்சு இது என்று கேட்டிருக்கலாம், அதட்டியிருக்கலாம், அதெல்லாம் எனக்கு நன்றாகவே வரும். நான் என்ன செய்தேன் தெரியுமா? தண்ணீர் ஜாடியை எடுத்து, ஏற்கெனவே நிரம்பியிருந்த அவளுடைய தம்ளரில் மறுபடியும் ஊற்றினேன். தண்ணீர் வழிந்து மேசையெல்லாம் ஓடியது. அவள்தான் துணி எடுத்துத் துடைத்தாள். தன் தட்டையும் கழுவி வைத்தாள். "நேரமாச்சு அத்தை, கிளம்பறேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டாள். பையன் வாசலில் என்னிடம் மட்டும் சொன்னான். "நாளைக்கு ஒரு வீடு பாக்கப் போறோம்மா. சின்ன வீடுதான், ரெண்டு பேருக்குப் போதும்."

அவர்கள் போனதும் இவர் தொட்டியருகே போனார். வலையை எடுத்தார். மீன் மணலுக்குள் போனது. முழங்கை வரை கையை விட்டு மணலைக் கிளறி, தண்ணீரைக் கலக்கி, பவளம் ஒன்றைச் சாய்த்து, ஒரு வழியாக அதைப் பிடித்துப் பையில் போட்டுக் கட்டிக் கடையில் கொடுத்துவிட்டு வந்தார். சொன்ன சொல்லுக்கு முட்டுக்கொடுக்க அந்த மீன் குற்றவாளியாகியே தீர வேண்டியிருந்தது. கிண்ணத்தை மட்டும் தூக்கிப் போடவில்லை. சாட்சியாம். படுக்கப் போய்விட்டார்.

அன்றைக்கு மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். தொட்டியில் தண்ணீர் தெளிந்திருந்தது. பின்பக்கப் பாறை இடுக்கிலிருந்து ஒரு வெள்ளை மீசை நீண்டது, பிறகு இன்னொன்று. அப்புறம் முழு இறாலும் வெளியே வந்தது. முன்பைவிடக் கொஞ்சம் பெரிதாக, புதுச் சிவப்போடு பளிச்சென்று இருந்தது. கண்ணாடிக்கு அருகில் வந்து காலாற நடந்தது.

"ஏங்க, இங்க வாங்க."

வந்து பார்த்தார். மேசைக்குப் போய்க் கிண்ணத்தில் கிடந்ததை விரலால் தொட்டார். உள்ளே ஒன்றுமே இல்லை. வெறும் கூடு. மீசை, கால், கண்ணை மூடியிருந்த தோல் உட்பட அச்சு அசலாக ஒரு காலி இறால்.

"அப்ப இது?"

"சட்டை உரிச்சிருக்கு" என்றார். "வளரும்போது உரிக்கும். புதுத் தோல் கெட்டியாகற வரைக்கும் எங்கயாவது பதுங்கிக்கும். எனக்குத் தெரியும்டி. எல்லாப் புத்தகத்துலயும் போட்டிருக்கு. பக்கத்து வீட்டுக்காரர் வந்தப்பகூட நான் சொன்னேனே..." நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். நான் திட்டவில்லை. திட்ட எனக்கு என்ன யோக்கியதை? தெரியாமல் செய்ததற்கு மன்னிப்பாவது உண்டு. இவர் தெரிந்ததையே மறக்கிற அளவுக்கு ஒரு தப்பைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார், நான் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் ஊற்றியிருக்கிறேன்.

இரண்டு பேரும் கடைக்குப் போனோம். மணல் இல்லாத வெறும் கண்ணாடிப் பெட்டியில் மஞ்சள் மீன் மூலையோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. கடைக்காரர் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். "என்ன சார், திரும்பவும் நீங்களேவா? ரெண்டு தடவை திரும்பி வந்துடுச்சுன்னா அப்புறம் யாரும் கேக்க மாட்டாங்க சார். கெட்ட பேர் விழுந்துடும்." எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. இவர் பையை வாங்கிக்கொண்டார். வழியெல்லாம் அதை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார்.

மீனை எடுத்தவுடன் தொட்டியில் விடக்கூடாது. பையைத் தண்ணீரில் மிதக்கவிட்டுச் சூடு ஒன்றான பிறகு, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் ஊற்றிப் பழக்க வேண்டும். மருமகள் வேலை முடிந்து வந்தபோது இவர் ஒரு கையால் பையின் வாயைப் பிடித்துக்கொண்டு, மறுகையில் சின்னக் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தார். பையன் இன்னும் வரவில்லை. அவள் நேராக அறைக்குப் போக இருந்தவள், மஞ்சள் நிறத்தைப் பார்த்து நின்றாள்.

"இறால் சாகலம்மா" என்றார் இவர், திரும்பாமலே. "சட்டைதான் உரிச்சிருக்கு. காலையில நான்... அவசரப்பட்டுத் தப்பாச் சொல்லிட்டேன்."

அவள் மெதுவாக, கோபமே இல்லாமல் கேட்டாள்.

"மீனையா மாமா?"

கரண்டி நின்றுவிட்டது. ஆயிரம் லிஃப்டுக்குச் சான்று கொடுத்த மனிதரின் காதுமடல் சிவந்து, தலை குனிந்துகொண்டே போனது. இந்தத் தடவையும் நான் ஜாடியைத் தேடிப் போயிருப்பேன். பக்கத்தில் ஜாடி இல்லை.

"உன்னைத்தாம்மா சொன்னாரு" என்றேன். "நானும் கேட்டுக்கிட்டுச் சும்மா உக்காந்திருந்தேன்."

இவர் ஆமென்று தலையை ஆட்டினார். பிடி நழுவிப் பையின் வாய் சரிந்தது. பாதித் தண்ணீர் அவர் சட்டையில் கொட்டியது. மீன் பைக்குள் ஒரு சுற்றுச் சுற்றி நின்று, செவுள் திறந்து திறந்து மூடியது. விடுவதற்கு இன்னும் நேரமாகவில்லை. அவர் ஈரச் சட்டையோடு மறுபடி கரண்டியால் மொள்ளத் தொடங்கினார். அவள் போகவும் இல்லை, கிட்டே வரவும் இல்லை. அறைக்கதவுக்கும் தொட்டிக்கும் நடுவில் நின்று அந்தக் கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். தோளில் தொங்கிய கைப்பையை அவள் இன்னும் கீழே இறக்கி வைக்கவில்லை.