புதுச்சேரி முகூர்த்தம்

இந்தக் காலத்து ஜனங்களுக்கு வண்டியைக் கூப்பிடத்தான் தெரிகிறது, ஏறத் தெரிவதில்லை. மயிலாப்பூரில் வக்கீல் சந்திரமௌலி வீட்டு வாசலில் ஜட்காவை நிறுத்திவிட்டு மாசிலாமணிக் கிழவர் காய்ந்துகொண்டிருந்தார். குதிரைக்கே அலுத்துவிட்டது. பட்டுப் பாவாடை கட்டிய பெண் ஒன்று கதவைப் பிடித்துக்கொண்டு வர மாட்டேன் என்றது.

"ஜானு, கையை எடு. தெருவே பார்க்கறது."

"அந்த மாமாவுக்குக் குடுமியே நரைச்சிருக்குப்பா. நேக்கு வேண்டாம்."

வக்கீல் விரல்களைப் பிரித்தெடுத்து அவளை வண்டியில் ஏற்றினார். தாயார் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு பின்னால் ஏறினாள்.

"எழும்பூருக்கு விடு. புதுச்சேரி ரயிலைப் பிடிக்கணும். கல்யாணம்."

"முன்னாடி தள்ளிக் குந்து சாமி, வண்டி சாயுது. இங்கியே பண்ணலாமே? கோயிலு பக்கத்துலயே கீதே."

"பதினாலு வயசாகாத பொண்ணுக்குப் பண்ணினா ஜெயில்னு சாரதா சட்டம் வந்திருக்கு. பிரெஞ்சுக்காரன் ஊர்ல அது செல்லாது. என் பொண்ணு, என் ஆத்து விஷயம். நடுவுல புகுந்து நாட்டாமை பண்ண சர்க்கார் யாரு? மனுஷனுக்குப் பிறவியிலேயே வந்த உரிமைன்னு ஒண்ணு இல்லையா?"

மாசிலாமணிக்குச் சர்க்கார் என்றாலே ஆகாது. லாயத்தை அளந்து வரி போடுவார்கள். குதிரைக் காலைத் தூக்கிப் பார்த்து லைசென்ஸைப் பிடுங்குவார்கள். வக்கீல் சொல்வது நியாயம்தான் என்று தலையாட்டினார்.

ராயப்பேட்டை வந்தபோது முதுகுக்குப் பின்னால் சின்னக் குரல் கேட்டது. "வண்டிக்காரத் தாத்தா, ஆத்துக்கே திருப்பிடுங்கோ."

"வாயை மூடு! கூலி கொடுக்கறவன் நான். நான் சொல்ற இடத்துக்குத்தான் போவான்."

கிழவர் கடிவாளத்தை இழுத்தார். "எறங்கு சாமி."

"என்னடா இது?"

"நீ சொன்ன நாயந்தான். வண்டி என்னுது, குதிர என்னுது. யார ஏத்தறதுன்னு சர்க்காரும் சொல்லக் கூடாது, நீயும் சொல்லக் கூடாது."

"போலீஸ்ல பிடிச்சுக் கொடுத்துடுவேன்!"

"அதுக்குள்ள சர்க்காரு வேண்டியதாப் பூட்ச்சா? குடு. எங்க போய்க்கினு இருந்தோம்னு நானே சொல்றேன்."

வக்கீல் இறங்கினார். ஆனால் ராயப்பேட்டையில் வண்டிக்கா பஞ்சம்? கைதட்டியதும் இன்னொரு ஜட்கா வந்து நின்றது. ஜானுவைத்தான் முதலில் தூக்கிப் போட்டார்கள். அவள் அழவில்லை. வண்டி திரும்பும் வரை கிழவரையே பார்த்துக்கொண்டு போனாள்.

மாசிலாமணிக்கு எதுவும் சரியாகப் படவில்லை. பெண் என்னுது என்கிறான் அப்பன். சட்டம் போட்ட சர்க்காரோ எல்லையில் நின்று வேடிக்கை பார்க்கிறது. அவள் அவளுக்குத்தான் சொந்தம் என்று சொல்ல ஒரு வாயும் இல்லை.

"ரெண்டு பேருமே திருட்டுப் பசங்க" என்று குதிரையிடம் சொல்லிவிட்டு, அதன் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு வந்த வழியே நடந்தார்.